குரல் கொடுக்காமல் சாய்ந்த வாகை

மரியசெல்வி முதலில் பார்த்தது மரத்தைத்தான். ஆளை அப்புறம்தான் பார்த்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கு, ஆடி மாதம், விடிந்தும் விடியாத நேரம். செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலையடிவாரத் தோப்பில் முந்தின சாயங்காலம் வரை நிமிர்ந்து நின்ற வாகை மரம் நெடுக விழுந்து கிடந்தது. அதன் உச்சிப் பாதி மரக் காண்ட்ராக்டர் ராஜாராமின் கீற்றுக் கொட்டாய்மேல் கிடந்தது. கொட்டாய் என்று சொல்ல அங்கே ஒரு குட்டிச்சுவரும் கொஞ்சம் கீற்றும்தான் மிச்சம்.

அவள் புருஷன் லூர்துநாதன் தோளில் இருந்த ரம்பத்தை இறக்கிவிட்டு ஓடப்போனான். மரியசெல்வி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து நிறுத்தினாள்.

"மேல பாரு."

பக்கத்தில் நின்ற இலுப்பை மரத்தின் கிளை ஒன்று, வாகை விழுந்த வேகத்தில் முறிந்து, பட்டையில் மட்டும் ஒட்டிக்கொண்டு தலைக்குமேல் தொங்கியது. எந்த நேரமும் கீழே வரும். அதை விட்டு விலகி மறுபக்கமாகப் போனார்கள். கீற்றுக்கு வெளியே ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தது. விரலில் ராஜாராமின் பச்சைக்கல் மோதிரம். மரியசெல்வி தொட்டுப் பார்த்தாள். சில்லிட்டிருந்தது.

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். லூர்துநாதன் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினான். ஊரை விட்டு ஓடிப்போயிருக்கலாம், யாரும் தேடியிருக்க மாட்டார்கள். ஓடாததுதான் அவர்களுக்கு முதல் கஷ்டமாக முடிந்தது.

எங்கள் செஞ்சியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் கோட்டையைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மரம் வெட்டுகிறவர்களைப் பார்ப்பதில்லை. மற்ற ஊர்களில் மரம் வெட்டினால் மரம் விழும். எந்தப் பக்கம் என்பது மரத்தின் இஷ்டம். செஞ்சி வெட்டுக்காரர்கள் அப்படியில்லை. மரம் விழவேண்டிய தடத்தில், ஆடு கட்ட அடிக்கிற மாதிரி, ஒரு முளையை நட்டுவிட்டு, அதன் தலையில் மரத்தைச் சாய்த்து, முளையை மண்ணுக்குள் இறக்கிக் காட்டுவார்கள். தோற்றவன் வெற்றிலைக்கட்டு வாங்கித் தரவேண்டும். ஒரு காலத்தில் வெற்றிலைக் கடைக்காரர்கள் இதனாலேயே பிழைத்தார்கள் என்று சொன்னால் நம்பலாம்.

யுத்தம் வந்த பிறகு அந்த ஆட்களெல்லாம் மிலிட்டரிக்குக் கொட்டகை போட அரக்கோணம் போய்விட்டார்கள். ஊரில் மிஞ்சியது மூன்று பேர். லூர்துநாதன், மரியசெல்வி ஜோடி ஒன்று. ரம்பத்தின் ஒரு பிடி அவனிடம், மறு பிடி அவளிடம். பெண்பிள்ளை மரம் அறுப்பதா என்று சிரித்தவர்கள், அவர்கள் அறுத்த கட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். இருவரும் முளை நடுவதில்லை. மரம் விளையாட்டுச் சாமான் இல்லை என்பது மரியசெல்வியின் கட்சி. ஆனால் கடைசி அறுப்புக்கு முன்னால் மூன்று தரம் குரல் கொடுப்பாள். "வெலகூ" என்று அவள் இழுக்கும்போது செட்டிக்குளத்தில் துணி துவைக்கிறவர்கள்கூடத் தலையைத் தூக்குவார்கள். அவர்கள் வெட்டிய மரத்தால் ஒரு கோழிக்குஞ்சுக்கும் அடி பட்டதில்லை. அந்தப் பெருமையை அவர்கள் சொல்லிக்கொள்ளவும் தயங்கியதில்லை.

மூன்றாவது ஆள் முருகையன். அவனைப் பற்றி அப்புறம்.

காலை ஏழரை. சப்-இன்ஸ்பெக்டர் கோதண்டராமன் வந்தார். கெட்டிக்காரர், அவசரக்காரர். மரத்தைச் சுற்றி வந்தார். அடிக்கட்டையைப் பார்த்தார். மூக்கைச் சுருக்கினார், நான்கு முறை தும்மினார். வாகைத் தூள் மூக்கில் ஏறினால் யாராக இருந்தாலும் தும்ம வேண்டியதுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தார்.

"நேத்து சாயங்காலம் ராஜாராமோட உங்களுக்குச் சண்டை. வண்டிக்காரங்க சொல்றாங்க. என்ன சண்டை?"

"பொழுது சாயறதுக்குள்ள இந்த மரத்த வெட்டுன்னாரு, ஐயா. நான் மாட்டேன்னேன்" என்றான் லூர்துநாதன்.

"ஏன்?"

"காத்து. அதோட இருட்டுது."

"அவர் விடலை. நீங்க ஆரம்பிச்சுட்டீங்க. பாதி அறுத்ததும் இருட்டிப்போச்சு. அப்படியே விட்டுட்டுப் போயிட்டீங்க. ராத்திரி காத்துல சாஞ்சுடுச்சு. சரியா?"

லூர்துநாதனின் முகம் சிவந்துவிட்டது. கொலைகாரன் என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு சிவந்திருக்காது.

"பாதி அறுத்த மரத்த நிக்கவுட்டு ஊட்டுக்குப் போறவன் மரம் வெட்டியே இல்ல, ஐயா. என்னைத் தூக்குல போடுங்க. அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க."

சப்-இன்ஸ்பெக்டருக்கு இரக்கம் வந்தது. ஆனால் இரக்கத்தை வைத்துக் கேஸ் முடிக்க முடியாது. பிற்பகல் பஸ்ஸில் இருவரையும் திண்டிவனத்துக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். கவனக்குறைவால் மரணம். ஜெயில் சில மாதமாக இருக்கலாம். ஆனால் அப்புறம் அவர்கள் கையில் யாரும் ஒரு முருங்கை மரத்தைக்கூடக் கொடுக்க மாட்டார்கள். மரியசெல்வி அழவில்லை. தன் ரம்பத்தை எடுத்து, பல்லில் சாக்கைச் சுற்றிக் கட்டினாள்.

ஒரு சிக்கல் இருந்தது. பிணத்தை எடுக்கவேண்டுமானால் மரத்தைத் துண்டு போடவேண்டும். அதற்கு ஆப்பும் முட்டுக்கட்டையும் மாட்டு வண்டியும் வேண்டும். அவை மொத்தமாக இருந்த இடம் செஞ்சியில் ஒன்றே ஒன்று: விருத்தாம்பாளின் விறகுக்கடையான விறகுத்தொட்டி.

விருத்தாம்பாளுக்கு ஐம்பது வயது. கணவர் உயிரோடுதான் இருந்தார்; ஊருக்குத்தான் அது அவ்வளவாகத் தெரியாது. மார்க்கெட்டில் காணாமல் போன தராசையும், மேல்சித்தாமூர் வியாபாரி வீட்டில் காணாமல் போன வெள்ளிக் குடத்தையும் கண்டுபிடித்துக் கொடுத்தவள் அவள். தன் மூளையைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு. அதை அவள் மறைத்ததுமில்லை.

போலீஸ்காரர் போய்ச் சொன்னபோது அவள் தொட்டியில்தான் இருந்தாள். அவளிடம் வேலை செய்யும் முருகையன் வேல விறகு பிளந்துகொண்டிருந்தான். வழக்கத்தைவிட முன்னதாகவே வந்து, ஒரு குவியல் பிளந்து போட்டிருந்தான். நடுநடுவே தும்மினான். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தான், மறுபடி தும்மினான். ஆடிக்காற்று உடம்புக்கு ஆகாது, கஷாயம் குடி என்று அவள் அதட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் செய்தி வந்தது.

ராஜாராம் செத்துப்போனார் என்று கேட்டதும் முருகையன் கோடாலியைக் கீழே வைத்துவிட்டான். "ஊருக்குப் போன மனுசன் எப்டி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். வண்டியில் ஆப்புகளை ஏற்றப் போய்விட்டான்.

இந்த முருகையன்தான் ஒரு காலத்தில் செஞ்சியில் முதல் வெட்டுக்காரன். இரண்டு வருஷம் முன்புவரை ராஜாராமின் தோப்புகளெல்லாம் அவன் கையில்தான் இருந்தன. பெட்ரோல் பஞ்சத்தால் பஸ்களெல்லாம் கரியில் ஓட ஆரம்பித்தபோது ராஜாராமுக்குக் கரி சுட மரம் வேகமாக விழவேண்டியிருந்தது. முருகையனோ ஒவ்வொரு மரத்துக்கும் கூட்டம் சேர்த்தான், பந்தயம் வைத்தான், வெற்றிலை போட்டான். ஒரு நாள் ராஜாராம் வேலையாட்கள் அத்தனை பேர் முன்னாலும் அவனை நிறுத்திவிட்டார். "உன்னைவிட அந்தப் பொம்பளை இழுக்கிற ரம்பம் நேராப் போகுது" என்றும் சொன்னார். அன்றிலிருந்து முருகையன் மரத்தைத் தொடவில்லை. விருத்தாம்பாள்தான் கூப்பிட்டு விறகு பிளக்கும் வேலை கொடுத்தாள். மரத்தைச் சாய்த்தவனுக்கு விறகு பிளக்கும் வேலை எப்படி இருக்கும் என்பதை அவள் அன்று யோசிக்கவில்லை.

காலை ஒன்பது. தோப்பில் பாதி ஊர் கூடியிருந்தது. மரியசெல்வி அத்தனை பேரையும் இலுப்பைக் கிளைக்கு அப்பால் விரட்டி, கயிறு கட்டி நிறுத்தியிருந்தாள். விசாரணைக் கைதி போலீஸை அதிகாரம் பண்ணுவதை விருத்தாம்பாள் ரசித்துப் பார்த்தாள்.

மரத்தை யார் அறுப்பது என்ற பேச்சு வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் முருகையனைக் கேட்டார். அவன் தலையை ஆட்டினான்.

"நான் வெறகு பொளக்குறவன், ஐயா."

கயிற்றுக்கு வெளியே போய்க் கூட்டத்தோடு நின்றுகொண்டான்.

"குத்தம் சொல்றீங்களே, அவங்களையே அறுக்கச் சொல்லுங்க. கை எப்படிப்பட்டதுன்னு நீங்களும்தான் பாருங்க" என்றாள் விருத்தாம்பாள்.

அறுத்தார்கள். மூக்கை மூடித் துணி கட்டிக்கொண்டார்கள். லூர்துநாதன் மரத்தைச் சுற்றி வந்து, எங்கே தாங்குகிறது, எங்கே தொங்குகிறது என்று குனிந்து பார்த்தான். அடிமரம் மண்ணில் படுத்திருந்தது. மேல்மரம் குட்டிச்சுவரில் ஏறி நின்றது. இடையில் ஒரு பாகம் அந்தரத்தில் இருந்தது. அப்படிப்பட்ட மரத்தை மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனால் அது ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும், இல்லையென்றால் திடீரென்று தொய்ந்து கீழே கிடப்பதை நசுக்கும். முதலில் முட்டுக் கொடுத்தார்கள். மேலே கொஞ்சம் அறுத்து ஆப்பு இறக்கினார்கள். பிறகு இருவரும் மண்டியிட்டு, ரம்பத்தைத் திருப்பி, அடியிலிருந்து மேல்நோக்கி இழுத்தார்கள். அவள் இழுக்கும்போது அவன் விட்டுக்கொடுத்தான், அவன் இழுக்கும்போது அவள் விட்டுக்கொடுத்தாள். மரம் இரண்டாகப் பிரிந்தபோது சத்தமே வரவில்லை. பிணத்தின்மேல் ஒரு கீற்றுகூட அசையவில்லை. கூட்டத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர் தம்மை மறந்து தலையை ஆட்டினார்.

ராஜாராமை வெளியே எடுத்தார்கள். தலையில் ஒரே அடி. தூக்கத்திலேயே போயிருந்தார். செருப்பு சகதியாக இருந்தது.

அதற்குள் பஸ் கண்டக்டர் வந்து ஒரு செய்தி சொன்னார். முந்தின சாயங்காலம் ராஜாராம் திண்டிவனத்துக்கு பஸ் ஏறியது உண்மை. பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் பார்த்தார்கள். வழியில் பஸ்ஸின் கரி அடுப்பு அணைந்துபோய், வண்டி நகரவில்லை. மற்றவர்கள் பஸ்ஸிலேயே படுத்துவிட, ராஜாராம் மட்டும் ஏரிக்கரையோடு திரும்பி நடந்துவிட்டார். ஆகவே நடந்த அசதியில் அவர் கொட்டாயில் அடித்துப்போட்ட மாதிரி தூங்கியது ஊரில் யாருக்கும் தெரியாது.

விருத்தாம்பாள் அடிக்கட்டைப் பக்கம் போனாள். மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு குனிந்தாள். கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தாள். பிறகு, பின்புறத் தாழ்வாரத்துச் சுவரில் மாட்டியிருந்த ரம்பத்தைப் போய்ப் பார்த்தாள். கொட்டாயில் சேதமாகாமல் தப்பியது அந்த மூலைதான். ரம்பம் ராஜாராமுடையது, இரண்டு பேர் இழுப்பது. சுத்தமாகத் துடைத்து, எண்ணெய் பூசி, பல்லைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டியிருந்தது. மரியசெல்வியைக் கேட்டாள். தங்கள் ரம்பம் எப்போதும் தங்களோடு வீட்டுக்கு வந்துவிடும், இதைத் தொட்டதே இல்லை என்றாள் அவள்.

வண்டி வர வழி வேண்டுமென்று அடிமரத்தைப் புரட்டினார்கள். அது படுத்திருந்த தடத்தில் மண் பள்ளமாக அழுந்தியிருந்தது. பள்ளத்தின் நடுவில் ஒரு கட்டை மண்ணோடு மண்ணாக இறங்கியிருந்தது; தலை மட்டும் நசுங்கித் தெரிந்தது.

"ஆட்டு முளை" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

லூர்துநாதன் வாயைத் திறந்தான். விருத்தாம்பாள் அவன் காலை மிதித்தாள். மடித்து வைத்திருந்த சாக்கை அந்த இடத்தில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். கூட்டம் தூரத்தில் கயிற்றுக்கு அப்பால் நின்றது. முளையைப் பார்த்தது நான்கே பேர்.

"கால் வலிக்குது, ஐயா. நீங்களும் இப்டி உக்காருங்க. ரெண்டு சமாச்சாரம் சொல்றேன்" என்றாள்.

சப்-இன்ஸ்பெக்டர் பக்கத்துக் கட்டையில் உட்கார்ந்தார். அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. காற்றில் சாய்ந்த மரம் கிழக்கே குளத்துப் பக்கம்தான் போயிருக்கவேண்டும். இது வடக்கே கொட்டாய்ப் பக்கம் போயிருக்கிறது. விழவேண்டிய பக்கத்தில் கோடாலியால் வாய் என்கிற சரிவு வெட்டைப் போட்டு, எதிர்ப்பக்கத்தில் ரம்பத்தால் அறுத்து, நடுவில் இரண்டு விரல் கனத்துக்குக் கட்டையை விட்டுவைப்பதுதான் முறை. அந்தக் கட்டைதான் கதவுக்குக் கீல் மாதிரி மரத்தை வழி தவறாமல் இறக்கும். இந்த அடிக்கட்டையில் வாய் வடக்கே பார்த்திருக்கிறது. கீல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே கனம். பாதியில் விட்டுப்போன மரம் அப்படி விழாது. யாரோ கடைசிவரை நின்று, கொட்டாய்மேல் போகவேண்டுமென்றே சாய்த்திருக்கிறார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "அப்போ இது இன்னும் மோசம். வேணும்னே செஞ்சிருக்காங்க. ரெண்டு பேர் ரம்பம், ரெண்டு பேர்."

"ரெண்டு பேரா? போய்த் தூளைப் பாருங்க."

போய்ப் பார்த்தார். மறுபடி தும்மினார். அடிக்கட்டையின் ஒரு பக்கம் தூள் மிதிபட்டுக் கிடந்தது. முழங்கால் அழுந்திய குழியும் இருந்தது. மறுபக்கம் விழுந்த தூள் சலித்துப் போட்ட மாவாக அப்படியே இருந்தது. அந்தப் பக்கம் யாரும் உட்காரவே இல்லை.

"ஒத்த ஆளு" என்றார்.

"வாயைப் பாத்தீங்களா? கோடாலி வெட்டே இல்ல. அதையும் ரம்பத்தாலயே அறுத்திருக்கான். கோடாலின்னா ஊருக்குக் கேக்கும்."

"லூர்துநாதன் ஒத்தையா வந்து செஞ்சிருக்கலாமே."

"செஞ்சிருக்கலாம். அதுக்கு ஒரு மருந்து வெச்சிருக்கேன். நான் இன்னா பேசினாலும் நீங்க குறுக்க பேசக்கூடாது" என்றாள் விருத்தாம்பாள்.

பிற்பகல். பிணம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. கூட்டம் போகவில்லை. கான்ஸ்டபிள் லூர்துநாதனையும் மரியசெல்வியையும் பஸ்ஸுக்கு அழைத்துப்போகத் தயாராக நின்றார். விருத்தாம்பாள் சாக்கைவிட்டு எழுந்திருக்காமல், கூட்டத்துக்குக் கேட்கும் குரலில் பேச ஆரம்பித்தாள்.

இந்த மரத்தை யாரோ வேண்டுமென்றே சாய்த்திருக்கிறான் என்றாள். சாய்த்தவன் யாராக இருந்தாலும் சரி, அவனுக்கு வேலை தெரியவில்லை என்றாள். செஞ்சிக்காரன் செய்த வேலையே இல்லை. மயிலம் பக்கத்திலிருந்து எவனாவது கத்துக்குட்டி வந்திருப்பான். செஞ்சிக்கு இது அவமானம் என்றாள். லூர்துநாதன் தலை குனிந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. முருகையன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எங்க விழணும்னு நெனச்சானோ அங்க விழல. ஒரு முழம் தள்ளி விழுந்திருக்குது. ரம்பம் கோணிக்கினு போயிருக்குது. ஏன் முருகையா, நீ பெரிய வெட்டுக்காரனா இருந்தவன். நீயே சொல்லு. இது ஒரு வெட்டா?"

முருகையன் கயிற்றை முறுக்கினான்.

"செல்வி அறுத்திருந்தாகூட இதவிட நேராப் போயிருக்கும்" என்றாள் விருத்தாம்பாள்.

கயிறு ஆடியது. முருகையன் அதைத் தூக்கிவிட்டு உள்ளே வந்தான்.

"ஒரு வெரக்கடைகூடத் தள்ளல. பாகம் போட்டுப் பாருங்க. அடிக்கட்டையிலேர்ந்து நாலு பாகம். முளை நடு மண்டையில வாங்கி அப்டியே எறங்கியிருக்கும். தள்ளிச்சுன்னு சொல்றீங்களே, அந்தச் சாக்கை எடுத்துட்டுப் பாருங்க அம்மா."

விருத்தாம்பாள் மெதுவாக எழுந்து சாக்கை எடுத்தாள். முளை இருந்தது. அடிக்கட்டையிலிருந்து இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம் என்று அளந்து வந்தான் லூர்துநாதன். சரியாக நாலு பாகம். மரம் அழுத்திய பள்ளத்துக்கு நட்டநடுவில் அது இறங்கியிருந்தது.

"முளையப் பத்திக் கூட்டத்துல யாருக்கும் நாங்க சொல்லவே இல்ல, முருகையா" என்றாள் விருத்தாம்பாள்.

தான் சொன்னதைக் கேட்டுக்கொண்டவனாக அவன் நின்றான். பிறகு, நின்றது போதும் என்பதைப் போல அந்த மரத்தின்மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

சப்-இன்ஸ்பெக்டர் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்டார். அவளுக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். ஆனால் அன்று அவள் வழக்கமான ஜோரில் பதில் சொல்லவில்லை. காலையில் தொட்டியில் முருகையன் தும்மினான். வேல விறகுக்கு யாரும் தும்முவதில்லை. வாகை அறுக்கும்போது மூக்கில் கட்டின துண்டிலேயே அவன் முகத்தைத் துடைத்தான், துடைக்கத் துடைக்கத் தும்மினான். இங்கே வந்து சப்-இன்ஸ்பெக்டர் தும்மியதைப் பார்த்த பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது. ராஜாராமின் ரம்பத்தைத் துடைத்து மாட்டியதும் பழைய கையின் பழக்கம். கொலைக்கு வந்தவன் ரம்பத்துக்கு எண்ணெய் பூசுவானா? எல்லாவற்றுக்கும் மேல் முளை. இந்த ஜோடி முளை நடுவதில்லை. நடுகிறவர்கள் அரக்கோணத்தில் இருக்கிறார்கள். ஒரே ஒருவனைத் தவிர.

"என் தொட்டி ஆளு" என்றாள். "நான்தான் கூப்டு வேல குடுத்தேன். எனக்கு ரொம்ப வலிக்குது, ஐயா. ஆனா செல்வியை அனுப்பிட்டு நான் தொட்டியில உக்காந்திருக்க முடியாது."

முருகையன் எதையும் மறுக்கவில்லை. ராஜாராம் பஸ் ஏறியதைத் தன் கண்ணால் பார்த்தான். கொட்டாய் காலி என்று நினைத்தான். காற்று அடங்கும் பின்னிரவுக்காகக் காத்திருந்து சாய்த்தான். பாதி அறுத்துவிட்டுப் போன மரம் கொட்டாயை நொறுக்கிவிட்டது என்று ஊர் சொல்லவேண்டும். அந்த ஜோடியின் பேர் கெடவேண்டும். ராஜாராம் திரும்பித் தன் வாசலில் வந்து நிற்கவேண்டும். அவ்வளவுதான் அவன் நினைத்தது. ஆள் சாகவேண்டுமென்று நினைக்கவில்லை. அவன் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள், மரியசெல்வியும் நம்பினாள்.

"முளை எதுக்குடா நட்ட?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

"ரெண்டு வருசம் கழிச்சு ஒரு மரம் வெட்றேன், ஐயா. யாருக்கும் தெரியாத வெட்டு. எனக்காவது தெரியணுமில்ல."

லூர்துநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கு அது புரிந்தது. புரிந்ததுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. மரியசெல்வி முருகையனுக்கு எதிரே வந்து நின்றாள். ஜெயிலுக்குப் போகவிருந்தவள் அவள். திட்டுவாள் என்று ஊர் எதிர்பார்த்தது.

"காலி கொட்டாய்னாலும் ஒரு கொரல் குடுத்திருக்கலாமே, அண்ணா."

"குடுத்தா என் கொரலு ஊருக்குத் தெரியுமே, செல்வி."

"அவருக்கும் தெரிஞ்சிருக்கும். எழுந்து வந்திருப்பாரு."

முருகையன் முளை நட்டான், வாய் போட்டான், கீல் விட்டான், காற்று பார்த்தான், ரம்பத்தைத் துடைத்தான். வெட்டுக்காரன் செய்யவேண்டியதையெல்லாம் செய்தான், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றுக்கு மட்டும் கூலியும் கிடையாது, பந்தயமும் கிடையாது.

சப்-இன்ஸ்பெக்டர் அவன் தோளில் கையை வைத்து எழுப்பினார். வரப்போடு நடத்திக்கொண்டு போனார். கூட்டமும் பின்னால் கிளம்பியது. விருத்தாம்பாள் முளையைத் தோண்டி எடுத்து, சாட்சிக்கு வேண்டுமென்று சாக்கில் சுற்றிக் கான்ஸ்டபிளிடம் கொடுத்தாள்.

லூர்துநாதனும் மரியசெல்வியும் வீட்டுக்குப் போகவில்லை. இலுப்பைக் கிளை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. நாளைக்கு ஆடு மேய்க்க யாராவது வருவார்கள்; அதை அப்படியே விட்டுவிட்டுப் போகமுடியாது. லூர்துநாதன் மரத்தில் ஏறி, கிளையில் கயிற்றைக் கட்டிவிட்டு, பட்டையில் கோடாலியை வைத்தான். மரியசெல்வி சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒருவரும் பக்கத்தில் இல்லை. வரப்பில் போகிறவர்கள் வெகுதூரம் போய்விட்டார்கள். ஆனாலும் வாயில் கையைக் குவித்தாள்.

"வெலகூ... வெலகூ... வெலகூ..."

குரல் கிருஷ்ணகிரியில் மோதி, எதிர்மலை ராஜகிரிவரைக்கும் போய்த் திரும்பியது. வரப்பில் சப்-இன்ஸ்பெக்டர் நடந்துகொண்டே இருந்தார். கூட்டமும் நடந்துகொண்டே இருந்தது. முருகையன் மட்டும் சட்டென்று நின்று, இரண்டடி ஒதுங்கி, தலையைத் தூக்கி மேலே பார்த்தான்.

கிளை விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் அவன் மறுபடி நடந்தான்.